மருந்து பற்றிய கேள்விக்கு நான் எழுதிய பதில்

இதை எழுதும் இன்று அந்தக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. அடுத்த மாதம் பிறக்கும் என்கிறார்கள். அதன் அப்பாவை எனக்குத் தெரியும். அம்மாவின் குரலை ஒரே ஒருமுறை போனில் கேட்டிருக்கிறேன். அவள் ரத்தத்தை இப்போது மாதம் ஒருமுறை திருச்சியில் சோதிக்கிறார்கள். அதில் ஈயத்தின் அளவு மெதுவாக இறங்கிவருகிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது பிறந்த பிறகுதான் தெரியும். அந்தப் பெண் இரண்டு மாதம் கூடுதலாக அந்த விஷத்தைச் சாப்பிட்டதற்குக் காரணம், ஒரு படிவத்தில் என் கையால் நான் எழுதிய ஒரே ஒரு வார்த்தை. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மனிதர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் போன்றவை எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து சொல்வது என் தொழில். மதுரையில் வேதியியல் படித்துவிட்டு இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிளமெண்டியில் வீடு. காலையில் ரயில் ஏறி வேலைக்கு வந்தால், பகல் முழுக்க ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அடர்நீல மூடி போட்ட சின்னக் குழாய்களோடு இருப்பேன்.

எங்கள் அறைக்குத் தூசிதான் எதிரி. சுவர்ப் பூச்சு, முகப் பவுடர், குங்குமம் என்று எதில் வேண்டுமானாலும் ஒரு பொட்டு உலோகம் ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். ஒவ்வொரு நாளும் ரத்தமே கலக்காத ஒரு குழாயையும் சேர்த்து அளப்போம். அதில் ஈயம் தெரிந்தால் அழுக்கு எங்களிடம் இருக்கிறது என்று பொருள். அன்றைய வேலை அத்தனையும் குப்பைக்குப் போகும். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவள். என்னோடு வேலை செய்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை மாமியார் என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். கூப்பிடட்டும், என் குழாய்கள் சுத்தமாக இருந்தால் சரி.

ஆனால் அளப்பது பாதி வேலைதான். அந்த உலோகம் உடம்புக்குள் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி. ஒருமுறை ஒருவரின் சிறுநீரில் ஆர்செனிக் எகிறிக் கிடந்தது. தொழிற்சாலையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில், முந்தைய நாள் நம் ஆட்கள் கூடும் தேக்கா கடைத்தெருவில் நண்பர்களோடு பந்தயம் கட்டி இறாலும் மீன்தலைக் கறியும் வெளுத்துக்கட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. கடல் உணவில் இருக்கிற ஆர்செனிக் பெரும்பாலும் கெடுதல் செய்யாது, இரண்டு மூன்று நாளில் வெளியே போய்விடும். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அப்படிச் சிரிக்கிற மாதிரி முடிந்தவையும் நிறைய உண்டு.

கீழ்த்தளத்தில் ஒரு கிளினிக் இருக்கிறது. ஈயம் புழங்கும் இடங்களில் வேலை செய்கிறவர்கள் குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை அங்கே வந்து ரத்தம் கொடுப்பார்கள். கப்பல் பட்டறைகளிலிருந்து வருபவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். யாருக்காவது அளவு அதிகமாக இருந்தால் டாக்டர் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார். டாக்டர் சீனப் பெண்மணி, என்னைவிட வயதில் சின்னவர், அதிர்ந்து பேசமாட்டார். தமிழ் மட்டும் பேசுகிறவர் வந்தால் மேலே போன் அடித்து என்னை வரச் சொல்வார். அவர் கையில் ஒரு படிவம் இருக்கும். என்ன வேலை, முகக்கவசம் போடுகிறாரா, புகைபிடிக்கிறாரா, எந்தப் பாத்திரத்தில் சமையல், நாட்டு மருந்து சாப்பிடுகிறாரா, கண்ணுக்கு மை, சுர்மா போடுகிறாரா என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள். டாக்டர் என்னிடம் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார். கேள்விகளை வரிசையாக வாசியுங்கள், ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நான் கேட்டால்தானே? நம் ஊர்க்காரரிடம் பேசுவதற்கு எனக்கு எதற்குப் படிவம் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இரண்டு கிண்டல், ஒரு சிரிப்பு, உங்களுக்கு எந்த ஊர், எங்களுக்கு இந்த ஊர் என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார் என்பது என் நம்பிக்கை. பெரும்பாலும் அப்படித்தான் நடந்தும் இருக்கிறது.

பொங்கல் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு கப்பல் பட்டறையிலிருந்து வந்த ரத்தக் குழாய்களில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. கப்பலின் பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கும் குழு அது. பழைய கப்பல்களின் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். கூட வேலை செய்யும் மற்ற எல்லோருக்கும் அளவு சாதாரணமாக இருக்க, இந்த ஒருவருக்கு மட்டும் மூன்று மடங்குக்கு மேல். மறுபடி அளந்தேன். மறுநாள் புதிதாகக் கரைத்து மூன்றாவது தடவையும் அளந்தேன். எண் அசையவில்லை. டாக்டருக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் கீழே வரச் சொல்லி போன் வந்தது.

முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். ஒல்லியான மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சோதனைக்குத் துணையாக வந்த இரண்டு சக தொழிலாளிகள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

"எந்த ஊரு தம்பி?"

"புதுக்கோட்டைப் பக்கம்க்கா."

"அப்ப நம்ம பக்கம்தான். சாப்பாடெல்லாம் எறங்குதா? வயித்து வலி இருக்கா?"

"இருக்குக்கா. கேட்டரிங் சாப்பாடு ஒத்துக்கலைன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா அப்பப்ப இழுத்துப் பிடிக்குது."

ஈயம் ஏறினால் வயிறு அப்படித்தான் பிடிக்கும். வேலையைப் பற்றிக் கேட்டேன். முகக்கவசம் போடுகிறார். கை கழுவாமல் சாப்பிடுவதில்லை. புகைபிடிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் தெளிவாக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி பதில் சொன்னார். அவருடைய பயம் வேறு ஒன்றைப் பற்றி. "இதுக்காக ஊருக்கு அனுப்பிருவாங்களாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். நாட்டு மருந்து பற்றிய கேள்வி வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி. அதை அப்படியே தமிழில் வாசித்திருந்தால் போதும்.

நான் வாசிக்கவில்லை. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி, "என்ன தம்பி, ஊர்லேருந்து லேகியம் கீகியம் ஏதாவது வரவழைச்சு உள்ள தள்ளுறீங்களா? லாட்ஜுல ரூம் போட்டு உக்காந்திருப்பாரே, அந்த வைத்தியர்கிட்ட ஏதும் போனீங்களா?" என்று கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் லாட்ஜ் வைத்தியர் என்றால் ஆண்களின் எந்தக் குறைக்கு மருந்து கொடுப்பவர் என்று எல்லோருக்கும் தெரியும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேரும் குபீரென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துபோயிற்று. அவரும் சேர்ந்து சிரித்தார்.

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லக்கா."

டாக்டர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். நாட்டு மருந்து எதுவும் இல்லையாம் என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் எழுதியதைத்தான் எல்லோரும் நம்பினார்கள். வேறு வழி இல்லையென்றால் ஈயம் வேலையிடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பட்டறையில் அந்தக் குழுவின் முகக்கவசம் அத்தனையும் மாற்றினார்கள். மேற்பார்வையாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. விதிப்படி அவரைப் பெயின்ட் சுரண்டும் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். ஓவர்டைம் கிடையாது. இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், அதிலும் இறங்காவிட்டால் நிறுவனம் அவரை வைத்துக்கொள்ளுமா என்பது சந்தேகம். ஈயத் தூசியிலிருந்து விலகி இருந்தால் தானாக இறங்கிவிடும், பயப்படாதீங்க என்று நானே அவரிடம் சொல்லி அனுப்பினேன்.

இடையில் அவரை ஒருமுறை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். ஞாயிறு சாயங்காலம் அந்தப் பக்கம் நடப்பதே பெரும்பாடு. தீவு முழுவதும் இருக்கிற விடுதிகளிலிருந்து நம் ஆட்கள் வந்து இறங்கியிருப்பார்கள். ஒரு மளிகைக் கடை வாசலில், "அக்கா, வணக்கம்க்கா" என்று ஒரு குரல். திரும்பினால் அவர். கையில் சின்னக் கண்ணாடி டப்பாவில் குங்குமப்பூ.

"யாருக்குத் தம்பி இது?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆம்பளை ஒருத்தன் குங்குமப்பூ வாங்குகிறான் என்றால் பாலில் போட்டுக் குடிக்க வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

அசடு வழிய நின்றார். "மூணாவது மாசம் நடக்குதுக்கா. ஏழு வருஷம் கழிச்சு. பொங்கலுக்குப் போயிருந்தேன்ல."

எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. மீன் பையைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டுக் கடைப் பக்கம் கூட்டிப்போய் இரண்டு டீ வாங்கினேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார்களாம். சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் மனைவியைப் பந்தியில் ஓரமாக உட்கார வைப்பார்களாம். வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடவே மாட்டார்களாம். அவள் அழுதுகொண்டே போனில் பேசிய நாட்களில் இவருக்கு வேலையே ஓடாதாம். "ஒரு பெரியவரோட கைராசிக்கா" என்றார்.

"கைராசியா? பொங்கலுக்கு லீவு கொடுத்த முதலாளியோட ராசின்னு சொல்லுங்க" என்றேன்.

சிரித்துவிட்டு டீயைக் குடித்தார். அந்தப் பெரியவர் யார் என்று நான் கேட்கவில்லை. ஏதோ சாமியார், திருநீறு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கும் என் வாய்தான் முந்திக்கொண்டது. ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு மாதம் முடிந்து அவர் ரத்தம் மறுபடி வந்தது. இறங்கியிருக்கும் என்று நினைத்துக் கருவியில் வைத்தேன். ஏறியிருந்தது. ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, பெயின்ட் சுரண்டியபோது இருந்ததைவிட அதிகம். முதலில் என் ஆட்களைத்தான் சந்தேகப்பட்டேன். யார் குழாயைத் திறந்துவைத்தது, யார் கையுறை மாற்றவில்லை என்று அன்று ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. ரத்தம் கலக்காத குழாயை அளந்தேன், துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நானே அளந்தேன். அதே எண். டாக்டர் பழைய படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்து எதுவும் இல்லை என்று நீங்கள் நன்றாகக் கேட்டுத்தானே எழுதினீர்கள் என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

கிளினிக்கில் ரத்தம் எடுப்பவர் ஒரு மலாய்க்காரர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். நாங்கள் அவரை அபாங் என்று கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் முப்பது வார்த்தை இருக்கும். மறுநாள் காலை டாக்டர் இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார். அபாங் அந்த மனிதரை ரத்தம் எடுக்கிற அறையிலிருந்து நேராக என்னிடம் மேலே கூட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இவரு மருந்து மாக்கான் லா" என்றார். மாக்கான் என்றால் மலாயில் சாப்பிடுவது. "ஊரு மருந்து. சிவப்பு பவுடர். பொண்டாட்டியும் மாக்கான்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டேன், சொன்னார் என்றார் அபாங். அவ்வளவுதான். ஊசியைக் குத்திவிட்டு, ஊர் மருந்து சாப்பிடுகிறாயா தம்பி என்று அவர் அரைகுறைத் தமிழில் கேட்டிருக்கிறார். சிரிக்கவில்லை, கிண்டல் செய்யவில்லை. அந்த மனிதரும் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். பக்கத்து ஊர் அக்காவிடம் சொல்ல வெட்கப்பட்டதை, பாஷை தெரியாத ஒருவரிடம் சொல்ல அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "பொய் சொல்லிட்டேன்க்கா. மன்னிச்சிருங்க. அன்னைக்கு நம்ம பசங்க வேற இருந்தாங்க. அப்புறம் நீங்க லாட்ஜுன்னு சொன்னீங்களா, எனக்கு என்னமோ போல ஆயிருச்சு."

"மன்னிப்பு நான்தான் கேக்கணும் தம்பி" என்றேன். அப்படிச் சொன்னது அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. மறுபடியும் அவரேதான் மன்னிப்புக் கேட்டார்.

உட்கார வைத்து, இந்தத் தடவை படிவத்தில் இருந்ததை மட்டும் கேட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் மூலம் இவருக்கு மருந்து வந்திருக்கிறது, மனைவி ஊரிலேயே வாங்கிக்கொண்டாள். குழந்தை தங்குவதற்கான மருந்து. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சாப்பிட வேண்டும். கரு உண்டான பிறகும் ஏழாம் மாதம் வரை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் தங்காது என்று கொடுத்தவர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். கொடுத்தவர் எந்தப் படிப்புப் படித்தவர், எங்கே செய்கிறார் என்று இவருக்குத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு வீட்டுத் திண்ணையோரம் வந்து உட்கார்ந்து கொடுத்துவிட்டுப் போவாராம். முறையாகப் படித்துச் சுத்தி செய்து மருந்து செய்கிற சித்த வைத்தியர்களை நான் இதில் சேர்க்கவில்லை. இந்தப் பொட்டலத்தின் மேல் பேரும் இல்லை, ஊரும் இல்லை.

அந்தச் செங்கல் நிறத் தூளைக் கடுகளவு எடுத்து அமிலத்தில் கரைத்தேன். வழக்கத்தைவிடப் பல மடங்கு தண்ணீர் விட்டுத்தான் கருவியில் வைத்தேன். அப்படியும் கருவியால் தாங்க முடியவில்லை. அளவு எல்லைக்கு மேல் போய்விட்டது என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தபோதுதான் ஒரு எண் கிடைத்தது. அதன் பிறகு கருவியின் குழாய்களைக் கழுவிக் கழுவி ஓய்ந்துபோனோம். எதை வைத்தாலும் ஈயம், ஈயம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அது மறைய இரண்டு நாள் ஆயிற்று. கடுகளவு தூளைக் கழுவ ஒரு கருவிக்கே இரண்டு நாள் என்றால், தினமும் இரண்டு வேளை அதைத் தேனில் குழைத்துச் சாப்பிடும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் எழுதியதை அழிக்கக்கூடாது. தவறு என்றால் அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பழையது படிக்கும்படி அப்படியே கிடக்க வேண்டும். அன்று அந்த வார்த்தையின் மேல் கோடு போட்டேன். முதல் தேதிக்கும் இரண்டாவது தேதிக்கும் நடுவில் இரண்டு மாதம் நான்கு நாள். நடந்ததை டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன், லாட்ஜ் கிண்டலையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. மனைவி எத்தனையாவது மாதம் என்று மட்டும் கேட்டார். நான்காவது மாதம் ஆரம்பம் என்றேன்.

அன்று மதியமே அவரை வரவழைத்தார். டாக்டர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். இந்தத் தூளில் இருப்பது ஈயம். ஆண்களுக்கு இது உயிரணுவைக் குறைக்கும். அதாவது குழந்தை வேண்டும் என்று நீங்கள் சாப்பிட்டது, குழந்தை உண்டாவதற்கே எதிரி. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆனா உண்டாயிருச்சேக்கா" என்றார். ஏழு வருடம் எதுவும் நடக்காத வீட்டில் மருந்து வந்த மூன்றாம் மாதம் நடந்திருக்கிறது. அவர் எதை நம்புவார்? மருந்து இல்லாமலும் சில சமயம் அப்படி நடக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னபோது, என் காதுக்கே அது சமாதானம் போலத்தான் கேட்டது. பிறகு மீதியையும் சொன்னேன். அம்மாவின் ரத்தத்தில் இருக்கிற ஈயம் பிள்ளைக்குப் போகும், நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. பிள்ளையின் மூளை இப்போதுதான் உருவாகிறது. அவர் கையிலிருந்த மொபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா கேக்க மாட்டா. நிறுத்துனா தங்காதுன்னு பயந்துக்கிட்டு இருக்கா" என்று சொல்லி, ஊருக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

பின்னால் ஏதோ டிவி ஓடிக்கொண்டிருந்தது. இளம் குரல்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? அவரு சொல்லியிருக்காரு உங்கள பத்தி. டீ வாங்கிக் குடுத்தீங்களாமே."

நல்லா இருக்கேம்மா என்றேன். அவள் அதிர்ச்சி அடையும்படி சொல்லிவிடக்கூடாது, முதலில் கேள்விகளை முடியுங்கள் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். மருந்து எப்போதிலிருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டேன்.

"தீபாவளிக்கு மறுநாள் ஆரம்பிச்சேன்க்கா. காலையில வெறும் வயித்துல ஒரு தடவை, சாயங்காலம் வெளக்கு வச்சதும் ஒரு தடவை."

"ஒரு வேளைக்கு எவ்வளவு?"

"ரெண்டு அரிசி எடைக்கா. பக்கத்துல ரெண்டு அரிசிய வச்சுப் பாத்துத்தான் எடுப்பேன். கூடவும் கூடாது, கொறையவும் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"இடையில எப்பவாவது விட்டிருக்கியாம்மா?"

கேட்ட உடனே அவள் குரல் மாறிவிட்டது. நான் அவளைச் சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"ஒரு வேளைகூட விடலக்கா. சத்தியமா. மசக்கையில வாந்தி எடுத்துட்டேன்னா, வாயக் கொப்புளிச்சுட்டு மறுபடியும் எடுத்துச் சாப்பிடுவேன். அவர வேணா கேட்டுப் பாருங்க."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டேன். பிறகு சொன்னேன். அந்த மருந்தில் என்ன இருக்கிறது, அது என்ன செய்யும், இந்த நிமிடத்திலிருந்து அதைத் தொடக்கூடாது, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று கிண்டல் இல்லாமல், சுற்றி வளைக்காமல் சொன்னேன். நிறுத்தினால் கரு கலைந்துவிடாது என்பதை மூன்று தடவை சொன்னேன். இரண்டு மாதத்துக்கு முன்பே இதைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டியவள் நான், கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். டிவியை யாரோ அணைத்தார்கள்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்றாள். பிறகு, "சரிக்கா, நிறுத்திடறேன். அதை முறிக்கிறதுக்கு என்ன மருந்துன்னு சொல்லுங்க. எவ்வளவு கசப்பா இருந்தாலும் பரவால்ல. ஒரு வேளை விடமாட்டேன்" என்றாள்.

டாக்டரிடம் கேட்டேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குக் கொடுக்கத் துணியும்படி அவரிடம் ஒன்றும் கிடையாது. இல்லை என்று தலையை அசைத்தார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.